மெத்தைக் கடைக்குப் பின்னால் ஒரு ஜாம் கம்பெனி

மெத்தைக்காரர் வீட்டில் பஞ்சு இல்லாத இடம் என்று ஒன்று கிடையாது. முன்னறையில் பஞ்சடிக்கும் மிஷின் ஓட ஆரம்பித்ததும், அது கிளப்பிவிடும் பஞ்சு நடு அறையைத் தாண்டி, சமையலறையை எட்டிப் பார்த்துவிட்டு, கடைசி அறையில் போய்த்தான் இளைப்பாறும். பேச வந்தவர்கள் எழுந்து போகும்போது தலை நரைத்துப் போவார்கள். "உங்க வீட்டுப் படி ஏறினாலே தும்மல் வருது" என்று சொல்லாத சொந்தக்காரர் இல்லை. மெத்தைக்காரர் மட்டும் ஆயுளில் தும்மியதே இல்லை. "பஞ்சு யாரை என்ன பண்ணுச்சு, பாவம்" என்பார்.

அந்த வீட்டுப் பெண்தான், ஜாம் கம்பெனி ஆரம்பிக்கப் போகிறேன் என்று ஒரு நாள் வந்து நின்றாள்.

அவளை எல்லோரும் பொடிசு என்றுதான் கூப்பிடுவார்கள். உயரத்தில் கடவுள் கொஞ்சம் கஞ்சத்தனம் காட்டிவிட்டு, குரலில் வட்டியும் முதலுமாகக் கொடுத்து அனுப்பியிருந்தார். பள்ளிப் படிப்பு முடிந்து அப்பாவின் கடையில் தலையணைக்கு உறை தைத்துக்கொண்டிருந்தவள், கம்ப்யூட்டர் படிக்கலாம் என்று தொழிற்பயிற்சி மையத்துக்குப் போனாள். அங்கே ஏகப்பட்ட வரிசைகள். எந்த வரிசை எதற்கு என்று எழுதியிருந்த பலகையை, முன்னால் நின்ற ஒரு பெண் தன் முதுகால் முழுசாக மறைத்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, கம்ப்யூட்டருக்கு இதுதானே?" என்று பொடிசு கேட்டாள். மேலே எங்கிருந்தோ "ம்" என்று ஒரு சத்தம் வந்தது. மேஜையருகே போய்க் கையெழுத்துப் போட்ட பிறகுதான் தெரிந்தது, அது உணவு பதப்படுத்தும் பயிற்சிக்கான வரிசை என்று.

முன்னால் நின்றவள்தான் நெட்டை. கேள்வி தன் காது வரைக்கும் ஏறி வரவே இல்லை, தொண்டையைத்தான் செருமினேன் என்று இன்றுவரை சாதிக்கிறாள்.

வகுப்பை மாற்றிக் கேட்கலாம். ஆனால் மாற்றுவதற்கும் ஒரு வரிசை இருந்தது. அது வாசலைத் தாண்டித் தெருவுக்குப் போயிருந்தது. சரி, கொஞ்ச நாள் உட்கார்ந்து பார்ப்போம் என்று இருந்துவிட்டாள் பொடிசு. தக்காளியின் தோலை உரிப்பது, பாட்டிலை வெந்நீரில் வேகவைப்பது, கையை முழங்கை வரைக்கும் தேய்த்துக் கழுவுவது என்று முதல் சில நாள் போனது. அப்புறம் ஒரு நாள் அன்னாசிப் பழக் கூழும் சர்க்கரையும் பெரிய பாத்திரத்தில் கொதித்தன. பயிற்சி டீச்சர் கரண்டியில் எடுத்துச் சாய்த்துக் காட்டினார். சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டிருந்தது, திடீரென்று சொட்டுவதை நிறுத்திக்கொண்டு, கரண்டி விளிம்பில் ஒன்று கூடி, துணி மடிவது போல மடிந்து விழுந்தது.

"இதுதான் பதம். இதுக்கு முந்தினா தண்ணி, பிந்தினா கல்லு" என்றார் டீச்சர்.

பொடிசுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. கம்ப்யூட்டர் அன்றோடு மறந்து போயிற்று.

பயிற்சி முடிந்ததும் பெண்கள் இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து தொழில் தொடங்கலாம் என்றார்கள். ஜோடி சேர்ந்தால் பெரிய எஃகுப் பாத்திரம் ஒன்றையும், மூடி இறுக்கும் கருவி ஒன்றையும் மையமே கொடுக்கும். பொடிசும் நெட்டையும் சேர்ந்தார்கள். பாத்திரத்தை இருவரும் ஆளுக்கொரு காதாகப் பிடித்துத் தூக்கி வந்தபோது, அது நெட்டை பக்கம் மேலும் பொடிசு பக்கம் கீழுமாகச் சாய்ந்து, பாதி ஊர் சிரித்தது.

நெட்டையின் வீடு ஒரே அறை. அதில் அண்ணன், அண்ணி, அவர்களுடைய குழந்தைகள் எல்லோரும் இருந்தார்கள். ஆகவே பொடிசு வீட்டில், பழைய மெத்தைகளைப் போட்டு வைத்திருந்த கடைசி அறையைக் கேட்டார்கள். மெத்தைக்காரர் முகத்தைச் சுளிக்காமல் கொடுத்துவிட்டார். இவ்வளவு சுலபமாகக் கிடைத்ததே என்று பொடிசு சந்தோஷப்பட்டாள். அவர் சமையலறையில் மனைவியிடம் சொன்னது அவளுக்குத் தெரியாது.

"கொஞ்ச நாள் கிண்டட்டும். கை வலிச்சா தானா வந்து உறை தைப்பா."

மனைவி வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார்.

முதல் பாத்திரம் ஜாம் நன்றாகத்தான் வந்தது. பொன் நிறத்தில், கண்ணாடி மாதிரி. நெட்டை ஒரு பாட்டிலை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். அப்படியே பிடித்தபடி நின்றாள்.

"பொடிசு, இதுக்குள்ள ஒரு மேகம் இருக்கு."

மேகம் இல்லை, பஞ்சு. ஒவ்வொரு பாட்டிலிலும் இருந்தது. பொடிசு ஒரு பாட்டிலை எடுத்துக்கொண்டு முன்னறைக்குப் போய் அப்பாவின் முகத்துக்கு நேராக நீட்டினாள். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது என் பஞ்சு இல்லையே" என்றார்.

"அப்போ யாரோடது? பக்கத்துக் கடைக்காரர் ஜாமுக்குள்ள வந்து தூவிட்டுப் போனாரா?"

"கோவப்படாம பாரு. நான் இப்போ அடிக்கிறது பருத்தி. இதோட இழையைப் பார்த்தியா, எப்படி மினுங்குது? இது இலவம் பஞ்சு. இலவம் பஞ்சு அடிச்சு ரொம்ப நாள் ஆச்சு."

"அடிச்சது யாரு?"

"அடிச்சது நான்தான். அது போன சீசன் கணக்கு."

பொடிசுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அந்த ஜாம் முழுவதையும் குழி தோண்டிப் புதைத்தார்கள். நெட்டை துக்க வீட்டுக்கு வந்தவள் போலக் கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றாள்.

அன்றைக்குத் தொடங்கியது சட்டம். கடைசி அறையின் சுவரையும் கூரையையும் ஈரத் துணியால் துடைத்து எடுத்தார்கள். வாசலில் தடித்த பிளாஸ்டிக் திரை தொங்கியது. திரைக்கு இந்தப் பக்கம் ஒரு செருப்பு, அந்தப் பக்கம் ஒரு செருப்பு. உள்ளே வருகிறவர் தலைக்கு வலைத்தொப்பி மாட்ட வேண்டும், கை கழுவ வேண்டும், பஞ்சடித்த உடுப்போடு வரவே கூடாது.

சட்டம் நல்ல சட்டம்தான். ஆனால் அந்த வீட்டின் கழிப்பறை கொல்லையில் இருந்தது. வீட்டுக்குள்ளிருந்து கொல்லைக்குப் போகக் கடைசி அறையை விட்டால் வேறு வழி கிடையாது.

"அப்பா, நில்லுங்க! தொப்பி!"

"அடியே, அவசரம்!"

"அவசரம்னா முன்னாடியே கிளம்பணும். செருப்பை மாத்துங்க. சட்டையைத் தட்டுங்க. இங்க இல்ல, அங்க போய்த் தட்டுங்க!"

மெத்தைக்காரருக்கு முழு வழுக்கை. வழுக்கைத் தலையில் வலைத்தொப்பியை மாட்டிக்கொண்டு, மகளுடைய செருப்பில் பாதிக் காலை நுழைத்துக்கொண்டு, பாத்திரத்துக்கும் சுவருக்கும் நடுவில் அவர் ஓடிய ஓட்டத்தைப் பார்த்து நெட்டை கிண்டுவதை நிறுத்திவிட்டாள், ஜாம் அடிப்பிடித்தது.

அடுத்தடுத்து வந்த ஜாமில் பஞ்சு இல்லை. பயிற்சி டீச்சரே ஒரு பாட்டிலைத் திறந்து வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, "இனிமே லைசென்ஸுக்கு எழுதிப் போடுங்க. அது இல்லாம ஒரு பாட்டில்கூட வெளிய போகக் கூடாது" என்றார். எழுதிப் போட்டார்கள். உணவுத் துறையிலிருந்து ஆய்வாளர் ஒருவர் நேரில் வந்து பார்ப்பார் என்று பதில் வந்தது. நாளையும் குறித்திருந்தார்கள்.

முந்தின நாள் பொடிசு அப்பாவிடம் கெஞ்சினாள். "நாளைக்கு ஒரு நாள் மிஷினை ஓட்டாதீங்கப்பா. ஒரே ஒரு நாள்."

"ஓட்டலை. போதுமா? கடையைத் திறக்கலாமா, இல்ல அதுக்கும் உன்கிட்ட அனுமதி வாங்கணுமா?"

"திறந்துக்கோங்க. ஆனா அவர் மத்தியானம் சாப்பாட்டுக்கு மேலதான் வருவாரு. வந்ததும் என்னைக் கூப்பிடுங்க. நீங்க எதுவும் பேசாதீங்க."

"நான் என்னத்தப் பேசப் போறேன்?" என்றார் மெத்தைக்காரர். வாழ்நாளில் அவர் வாய் மூடி இருந்தது, ஊசியைப் பல்லில் கடித்திருந்த நேரங்களில் மட்டும்தான்.

ஆய்வாளர் மத்தியானம் வரவில்லை. முற்பகலிலேயே வந்துவிட்டார். இளவயது ஆள். வீட்டில் கைக்குழந்தை, அது ராத்திரி முழுக்க வீறிட்டு அழுது, அவர் கண்கள் இரண்டும் சிவந்து, இமைகள் தாமாகவே இறங்கிக்கொண்டிருந்தன. படியேறி வந்தவரை மெத்தைக்காரர் ஒரு பார்வை பார்த்தார். தூக்கம் கெட்ட முகத்தைத் தூரத்திலேயே கண்டுபிடித்துவிடுவார். அவருடைய தொழிலே அதில்தான் ஓடியது.

"வாங்க வாங்க! உங்களை மாதிரி ஆளுக்குத்தான் நான் கடையே வச்சிருக்கேன்."

"நான் பார்த்துட்டுப் போகலாம்னு வந்தேன்…"

"தாராளமா பாருங்க. தொட்டுப் பாருங்க. ஏன், படுத்தே பாருங்க!"

"இல்லீங்க, நான் உள்ள பார்க்கணும்."

"உள்ள முழுக்க சுத்தமான பருத்தி சார்! ஒரு பிடி கலப்படம் இருக்காது. சந்தேகமா இருந்தா ஓரத்தைப் பிரிச்சே காட்டுறேன்."

"நான் சொல்றது அது இல்ல, ஆய்வு…"

"ஓய்வுதானே? அதுக்குத்தான் சொல்றேன், படுங்க!"

தோளைப் பிடித்து உட்கார வைத்துவிட்டார். ஆய்வாளர் எழுந்திருக்கத்தான் நினைத்தார். ஆனால் அந்த மெத்தை அப்படி. உட்கார்ந்தவரை மெல்ல உள்வாங்கி, இடுப்பைப் பிடித்து, முதுகைத் தடவிக் கொடுத்து… 'ஒரு நிமிஷம்' என்று அவர் சொல்ல வந்தார். 'ஒரு' வரைக்கும்தான் சொன்னார். அப்புறம் குறட்டை.

மெத்தைக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. இத்தனை வருஷ வியாபாரத்தில் இப்படி ஒரு நற்சான்று யாரும் கொடுத்ததில்லை. இதை நாலு பேர் பார்க்க வேண்டாமா? கால் விரலில் நடந்து வெளியே போனவர், தெருமுனை டீக்கடையில் இருந்தவர்களைக் கூட்டி வர ஓடினார்.

அவர் போனதும் இன்னொருவர் படியேறினார். கொஞ்சம் பருமனான, வயதான ஆள். சட்டைப் பையில் பேனா, கையில் தோல் பை. முகத்தைத் திருப்ப வேண்டியிருந்தால் உடம்போடு சேர்த்துத் திருப்பினார். முன்னறையில் ஒருவர் தூங்குவதைப் பார்த்துத் தயங்கிவிட்டு, "உள்ள யாருங்க இருக்கீங்க?" என்று குரல் கொடுத்தார்.

பொடிசு திரையை விலக்கி எட்டிப் பார்த்தாள். பேனா. தோல் பை. நிமிர்ந்த கழுத்து, விறைப்பான முகம். அதற்கு மேல் என்ன அடையாளம் வேண்டும்?

"வந்துட்டாருடி!" என்று நெட்டையின் விலாவில் இடித்துவிட்டு, "வாங்க சார், வாங்க! உங்களுக்காகத்தான் காத்துட்டிருக்கோம்!" என்று ஓடினாள்.

வந்தவர் பேக்கரிக்காரர். கடைவீதி மூலையில் ரொட்டிக் கடை வைத்திருப்பவர். பல மாதமாகக் கழுத்து வலி; நல்ல தலையணை ஒன்று தைத்து வாங்கலாம் என்று வந்திருந்தார். தனக்காக இரண்டு பெண்கள் காத்திருப்பார்கள் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. இருந்தாலும் மரியாதை யாருக்குத்தான் கசக்கும்? பின்னாலேயே போனார்.

"செருப்பை மாத்திக்கோங்க சார். இந்தத் தொப்பியைப் போட்டுக்கோங்க."

பேக்கரிக்காரர் வலைத்தொப்பியை மாட்டிக்கொண்டார். தலையணை என்றால் தலையளவு எடுப்பார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். கையை முழங்கை வரைக்கும் கழுவச் சொன்னபோதுதான் லேசாகச் சந்தேகம் வந்தது. ஆனால் அதற்குள் பொடிசு பேச ஆரம்பித்துவிட்டாள். அவள் ஆரம்பித்தால் நடுவில் நுழைய இடம் இருக்காது. பழம் எங்கே வாங்குகிறோம், எப்படிக் கழுவுகிறோம், கத்தியைக் கொதிநீரில் எத்தனை முறை போடுகிறோம் என்று மூச்சு விடாமல் சொன்னாள். சர்க்கரை அளவு பார்க்கும் குழாயை அவர் கண்ணில் வைத்துப் பார்க்கச் சொன்னாள். அவர் ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஜன்னல் பக்கம் பார்த்து, "பக்கத்து வீட்டு மாடி தெரியும்னு பார்த்தா ஒண்ணும் தெரியலையே" என்றார். சோதித்துப் பார்க்கிறார் என்று நினைத்த நெட்டை, குழாயை வாங்கிச் சரியாகத் திருப்பிக் கொடுத்தாள்.

கடைசியில் பாட்டில்களை வரிசையாக அடுக்கிக் காட்டிவிட்டு, பொடிசு கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். "என்ன பிரச்சனை இருந்தாலும் வெளிப்படையாச் சொல்லுங்க சார்."

அப்பாடா, கேட்டார்களே என்று பேக்கரிக்காரர் மூச்சு விட்டார். "எல்லாப் பிரச்சனையும் கழுத்துலதாம்மா."

பொடிசு சட்டென்று ஒரு பாட்டிலைக் கையில் எடுத்தாள். "கழுத்து வரைக்கும் நிரப்பலை சார். இடம் விட்டிருக்கோம், பாருங்க."

"ரொம்ப இறுக்கமா இருக்கு."

"இறுக்கமாத்தான் சார் இருக்கணும்! தளர்ந்திருந்தா காத்து உள்ள போயிடும்."

பேக்கரிக்காரர் யோசித்தார். இப்படி எந்த வைத்தியரும் அவருக்குச் சொன்னதில்லை. "திருப்பினா டப்புன்னு சத்தம் வேற வருது" என்றார்.

"அந்தச் சத்தம் வந்தாத்தான் நல்லது சார்! வரலைன்னாத்தான் கெட்டுப் போச்சுன்னு அர்த்தம்!"

பேக்கரிக்காரர் தன் பின்கழுத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டார். ஏதோ தைரியம் வந்த மாதிரி இருந்தது.

"தலைகீழா நிறுத்தி வச்சா ஒண்ணும் ஆகாது" என்று நெட்டையும் தன் பங்குக்குச் சொன்னாள்.

"அதெல்லாம் இந்த வயசுல வேண்டாம்மா" என்றார் அவர் அவசரமாக.

நெட்டை பொடிசைப் பார்த்தாள். பொடிசு நெட்டையைப் பார்த்தாள். பெரிய அதிகாரிகள் இப்படித்தான் பேசுவார்களோ என்னவோ என்று, ஒரு பாட்டிலைத் திறந்து கரண்டியில் ஜாமை எடுத்து அவரிடம் நீட்டினாள் பொடிசு. அவர் வாயில் வைத்தார். கண்ணை மூடினார். ரொட்டிக்காரருக்கு ஜாமைப் பற்றிச் சொல்லித் தர வேண்டுமா? "இன்னொரு கரண்டி" என்றார்.

அந்த நேரத்தில்தான் திரை அசைந்தது. ஆய்வாளர் விழித்துக்கொண்டிருந்தார். எங்கே இருக்கிறோம் என்று புரிய அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் பதறியடித்து எழுந்து உள்ளே வந்தார். தலை, மீசை, சட்டை, பேண்ட் எல்லாம் பஞ்சு. மாவில் புரண்ட பூனை மாதிரி இருந்தார்.

"அங்கேயே நில்லுங்க!" பொடிசு போட்ட சத்தத்தில் பேக்கரிக்காரர் கரண்டியைக் கடித்துவிட்டார். "யாருங்க நீங்க? ஒரு அடி உள்ள வைக்கக் கூடாது! இது சாப்பாட்டுப் பொருள் பண்ற இடம். உடம்பெல்லாம் பஞ்சை வச்சுக்கிட்டு நீங்க பாட்டுக்கு வர்றீங்க! மெத்தை வேணும்னா முன்னாடி போங்க. இங்க ஆய்வாளர் சார் பார்த்துட்டிருக்காரு, தெரியலை?"

"எந்த ஆய்வாளர்?" என்று கேட்டார் பஞ்சு மனிதர்.

பொடிசு பேக்கரிக்காரரைக் காட்டினாள்.

"நானா? நான் தலையணைக்கு வந்தேம்மா" என்றார் பேக்கரிக்காரர், வாயில் கரண்டியோடு.

பஞ்சு மனிதர் சட்டைப் பையிலிருந்து அடையாள அட்டையை எடுத்தார். அதிலும் பஞ்சு ஒட்டியிருந்தது. ஊதிவிட்டுக் காட்டினார்.

அடுப்பு மட்டும் புஸ்ஸென்று எரிந்துகொண்டிருந்தது. நெட்டை சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டாள். அவ்வளவு உயரத்தை எங்கே ஒளிப்பது என்று தெரியவில்லை. பொடிசுக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டது. ஆய்வாளர் காலை எடுத்து உள்ளே வைக்கப் போனார்.

"சார்." பொடிசின் குரல் அவளுக்கே கேட்காத அளவுக்கு இறங்கியிருந்தது. "மன்னிச்சுக்கோங்க சார். தெரியாமப் பேசிட்டேன். ஆனா… பஞ்சைத் தட்டிட்டு வந்துடுங்க சார். அடுப்புல ஜாம் இருக்கு. மூடலை."

நெட்டை பின்னாலிருந்து அவள் முதுகில் கிள்ளினாள். பொடிசு நகரவில்லை. ஆய்வாளர் அவளைப் பார்த்தார், கொதிக்கும் பாத்திரத்தைப் பார்த்தார், தன் சட்டையைப் பார்த்தார். தூக்கிய காலைப் பின்னால் எடுத்துக்கொண்டார்.

பொடிசின் அம்மாதான் அவரை நடு அறையில் நிற்க வைத்து, ஈரத் துண்டால் தலை முதல் கால் வரை தட்டித் துடைத்துவிட்டார். "கையைத் தூக்குங்க… திரும்புங்க… மீசையில இன்னும் இருக்கு" என்று குழந்தைக்குச் சொல்வது போலச் சொன்னார். அதன் பிறகு தொப்பி, செருப்பு, கை கழுவல் எல்லாம் முடித்து ஆய்வாளர் உள்ளே போனார். ஒன்றையும் விடவில்லை. ஜன்னல் வலையைச் சுண்டிப் பார்த்தார், பாட்டில் வேகும் தண்ணீரின் சூட்டை அளந்தார், நெட்டையின் நகத்தைக்கூடப் பார்த்தார். குறை ஒன்றும் கிடைக்கவில்லை. "நல்லாத்தான் வச்சிருக்கீங்க" என்று சொல்லப் போகிற முகம் வந்துவிட்டது.

அப்போது மெத்தைக்காரர் டீக்கடைக் கூட்டத்தோடு திரும்பி வந்தார். மெத்தை காலி. "இப்பத்தானய்யா இருந்தாரு! சாமி சத்தியமா குறட்டை விட்டுத் தூங்கினாரு!" என்று சாட்சி சொல்லிப் பார்த்தார். யாரும் நம்பவில்லை. ஓடிய ஓட்டமும், குடித்த டீயும், பட்ட அவமானமும் சேர்ந்து அவருக்கு வயிற்றைக் கலக்கியது. பழக்க தோஷம், நேராகக் கடைசி அறைக்குள் நுழைந்தார். ஆய்வாளருக்கும் பாத்திரத்துக்கும் நடுவில், "கொஞ்சம் வழி விடுங்க சார்… நல்லாத் தூங்கினீங்களா?" என்று கேட்டுக்கொண்டே, தோளில் ஒரு பிடிப் பஞ்சோடு கொல்லைக்குப் போய்விட்டார்.

ஆய்வாளர் பேனாவை எடுத்தார்.

"இந்த அறை வழியா யாரும் எங்கயும் போகக் கூடாது. இது வேலை செய்ற இடம், நடைபாதை இல்ல. வழியை அடைங்க. அடைச்சதும் சொல்லுங்க, வந்து பார்க்கிறேன். மத்தபடி ஒரு குறையும் இல்லை." போகும்போது முன்னறை மெத்தையை ஒரு முறை திரும்பிப் பார்த்தார். "ஆய்வுக்கு வர்ற இடத்துல நான் எதுவும் வாங்கக் கூடாதுங்க" என்று கேட்காமலே பதில் சொல்லிவிட்டு, பெருமூச்சோடு படியிறங்கினார்.

பேக்கரிக்காரரும் கிளம்பினார். லைசென்ஸ் வந்த அன்றே தன் கடைக்கு ஜாம் வந்துவிட வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். தலையணையைச் சுத்தமாக மறந்துவிட்டார். "என் வாடிக்கையாளரையே கொத்திக்கிட்டுப் போயிட்டா" என்று மெத்தைக்காரர் அதற்கும் சேர்த்துப் பொரிந்து தள்ளினார்.

சாயங்காலம் வீட்டில் பெரிய சண்டை.

"வழியை அடைக்கிறதா? என் வீட்டுக் கழிப்பறைக்கு நான் ஊரைச் சுத்திட்டுப் போகணுமா?"

"நீங்க மட்டும் அந்த நேரம் பார்த்து உள்ள வராம இருந்திருந்தா…"

"வயிறு என்ன உன்கிட்ட நேரம் கேட்டுட்டா கலங்கும்?"

பொடிசு கடைசி அறைக்குப் போய்ப் பாத்திரத்தைத் தேய்க்க ஆரம்பித்தாள். ஏற்கெனவே தேய்த்த பாத்திரம். வேறு எங்காவது இடம் பார்க்கலாம் என்று நெட்டை சொல்லிவிட்டுப் போயிருந்தாள். அப்படி இடம் கிடைக்காது என்று இருவருக்குமே தெரியும்.

மெத்தைக்காரர் சாப்பிட உட்கார்ந்தபோது மனைவிதான் சொன்னார். "அந்த ஆள் அட்டையை நீட்டின பிறகும் உள்ள விடலைங்க உங்க பொண்ணு. பஞ்சைத் தட்டிட்டு வான்னுட்டா. குரல் எழும்பலை, ஆனா வழியை விடலை."

"அதிகாரியையா?"

"அதிகாரியைத்தான்."

மெத்தைக்காரர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அவருக்குப் புரையேறி, மனைவி தலையில் தட்ட வேண்டியதாயிற்று.

காலையில் பொடிசு எழுந்து வந்தபோது, அப்பா கடைசி அறையில் சாக்குக்கட்டியோடு தரையில் முட்டி போட்டிருந்தார். சுவரோரமாக, நடு அறை வாசலிலிருந்து கொல்லைக் கதவு வரைக்கும் ஒரு கோடு.

"இங்க பலகை வச்சு அடைச்சுட்டா இந்தப் பக்கம் எங்க வழி, அந்தப் பக்கம் உன் கம்பெனி. உனக்குக் கொல்லைப் பக்கமா தனி வாசல். சந்து வழியா வந்துக்கோ."

கோட்டைப் பார்த்ததும் பொடிசுக்குள் இருந்த வியாபாரி விழித்துக்கொண்டாள். "இவ்வளவு அகலம் எதுக்குப்பா? என் மேஜை எங்க போகும்?"

"நான் போக வேண்டாமா?"

"கொஞ்சம் தள்ளிப் போடுங்க."

தள்ளிப் போட்டார். "இன்னும் கொஞ்சம்" என்றாள். சத்தம் கேட்டு வந்த நெட்டை, மெத்தைக்காரரைச் சுவரோரம் நிற்க வைத்து, அவர் வயிற்றின் விளிம்புக்கு நேராகக் கோடு போடலாம் என்றாள். அவர் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டார். அவர் மூச்சை விடுவதற்குள் பொடிசு கோட்டைப் போட்டுவிட்டாள். தச்சர் வந்து பலகை அடித்த பிறகுதான் அவருக்கு விஷயம் புரிந்தது. அன்று முதல் மெத்தைக்காரர் தன் வீட்டுக் கழிப்பறைக்குப் பக்கவாட்டில்தான் நடந்து போகிறார். எதிரில் மனைவி வந்துவிட்டால் ஒருவர் பின்வாங்க வேண்டும். அது எப்போதும் அவர்தான்.

லைசென்ஸ் வந்தது. பேக்கரிக்காரர் ஜாமை ரொட்டிக்குள் வைத்து விற்றார். பிறகு பாட்டிலாகவும் வாங்கி அடுக்கினார். ஒரு தடவை பழம் புளித்துப் போய் ஒரு நாள் வேலை முழுவதும் வீணானது. இன்னொரு தடவை நெட்டை ஒட்டுத்தாளைத் தலைகீழாக ஒட்டி, ஜனங்கள் பாட்டிலைக் கவிழ்த்துப் படித்தார்கள். அன்னாசி வரத்துக் குறைந்ததும் தக்காளி சாஸில் இறங்கினார்கள். மையத்தில் அவர்களோடு படித்த இன்னும் இரண்டு பெண்கள் வேலைக்குச் சேர்ந்தார்கள். உறை தைக்க மெத்தைக்காரர் வெளியே ஆள் வைத்துக்கொண்டார். 'இவன் தையல் பொடிசு தையல் மாதிரி வராது' என்று புதிய ஆளிடமே தினமும் சொல்லுவார்.

மழைக்காலம் முடிந்த சமயம் பயிற்சி டீச்சர் ஒரு நாள் பொடிசுக்கு போன் செய்தார். "புது வகுப்புல ஒரு அம்மா வந்து சேர்ந்திருக்காங்க. ரொட்டி, பிஸ்கட் வகுப்பு. நான் எது சொன்னாலும் 'என் பொண்ணு வேற மாதிரி செய்வா'ங்கறாங்க. யாருன்னு கேட்டா உன் பேரைச் சொல்றாங்க."

பொடிசு கம்பெனியிலிருந்து சந்து வழியாக வீட்டுக்குள் ஓடினாள். அம்மா நடு அறையில் உட்கார்ந்து, நாற்காலியில் புதுப் பையை வைத்து, அதில் ஒரு வெள்ளை மேலுடுப்பை மடித்து வைத்துக்கொண்டிருந்தார்.

"எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லலையேம்மா?"

"நீ சொல்லிட்டா போன? வரிசை மாறிப் போய்த்தானே சேர்ந்த. நான் பலகையைப் படிச்சுட்டுத்தான் சேர்ந்தேன்."

முன்னறையில் மிஷின் நின்றது. மெத்தைக்காரர் தலையை நீட்டினார். எல்லாவற்றையும் கேட்டிருந்தார் என்பது முகத்திலேயே தெரிந்தது.

"ரொட்டின்னா பெரிய அடுப்பு வேணுமே. அதை எங்க வைக்கப் போற?"

அம்மா எழுந்து வந்து நடு அறை வாசலில் நின்று, முன்னறையை இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரைக்கும் நிதானமாகப் பார்த்தார்.